முட்டை இறங்காத கோழி: கைவைத்தியமும் அதன் எல்லையும்

நேற்றுவரை கொக்கரித்துத் திரிந்த பெட்டை இன்று இரை எடுக்காமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டு மூலையில் நின்றால் பெரும்பாலானவர்கள் சளி என்றோ கழிச்சல் என்றோ நினைத்து மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். முட்டைக்கு வந்த கோழி என்றால் மருந்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது அதன் பின்பக்கத்தை. முட்டை வழியில் மாட்டி நிற்கும்போது ஆன்டிபயாடிக் கொடுத்து ஒரு நாளைப் போக்கிவிட்டால், காப்பாற்றக் கிடைத்த நேரமே அதோடு தீர்ந்துவிடலாம்.

கீழே சொல்லும் அளவுகள் ஒன்றரை கிலோ எடையுள்ள சிறுவிடைப் பெட்டைக்கு. பெருவிடை, வனராஜா மாதிரி இரண்டரை கிலோ வரும் கோழி என்றால் மருந்தளவு அதற்கேற்பக் கூடும், செய்முறை ஒன்றுதான்.

மாட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வது

முட்டை மாட்டிய கோழி சும்மா சோர்ந்து நிற்காது. முக்கும். வால் மேலும் கீழுமாகத் துடிக்கும், அதோடு சேர்ந்து ஆசனவாய் சுருங்கி விரியும். முட்டையிடும் கூடைக்குப் போய் உட்காரும், எழுந்து வரும், மறுபடி போகும். கால்களை அகட்டி, உடம்பைச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும். எச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்போல வரும். முட்டை அடைத்துக்கொண்டால் எச்சமே நின்றுபோவதும் உண்டு. சிவந்திருந்த கொண்டை வெளுக்கும். கொண்டை நீலம் பாய்ந்தாலோ, கால் தளர்ந்து நிற்க முடியாமல் போனாலோ முட்டை உள்ளே நரம்பையும் ரத்தக்குழாயையும் அழுத்துகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் வீட்டில் முயற்சி எதுவும் வேண்டாம், நேராகக் கால்நடை மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே கைவைக்கலாம், எங்கே கூடாது என்பது புரியும். கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்கிறது. அங்கிருந்து விழும் மஞ்சள் கரு முட்டைக்குழாயின் வாயில் கால் மணி நேரம் இருக்கும். அடுத்த பகுதியில் ஏறத்தாழ 3 மணி நேரத்தில் வெள்ளைக்கரு சேரும். பிறகு ஒன்றேகால் மணி நேரத்தில் உள்சவ்வு கட்டும். மிச்சம் 20 மணி நேரமும் ஓடு கட்டும் பகுதியிலேயே போகிறது. மொத்தம் 24 முதல் 26 மணி நேரம். மாட்டுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியிலோ, அதற்கும் ஆசனவாய்க்கும் இடையிலோதான். வெளியே தள்ளுவது தசையின் வேலை. தசை சுருங்குவதற்குக் கால்சியம் வேண்டும். ஓடு கட்டவும் அதே கால்சியம்தான். இரண்டுக்கும் ஒரே கையிருப்பு என்பதால், ஓடு கட்டி முடித்த கோழிக்குத் தள்ளத் தெம்பு இல்லாமல் போவது நம் பக்கத்துப் புறக்கடைகளில் அடிக்கடி நடக்கிறது.

கோழியை மடியில் வைத்து, அதன் தலை நம் கக்கத்துப் பக்கமாகவும் வால் முன்னாலும் இருக்கும்படி பிடிக்க வேண்டும். சிறகுகள் முழங்கைக்குள் அடங்கியிருக்கட்டும். ஆசனவாய்க்கு இருபுறமும் குச்சிபோலக் குத்தும் இரண்டு இடுப்பெலும்புகள் இருக்கும். முட்டையிடும் கோழிக்கு அவற்றுக்கிடையே இரண்டு மூன்று விரல் நுழையும். ஒரு விரல்கூட நுழையவில்லை, ஆசனவாயும் உலர்ந்து வட்டமாகச் சுருங்கியிருக்கிறது என்றால் அது இப்போது முட்டையிடும் கோழியே இல்லை; சோர்வுக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். இடுப்பெலும்புக்கும் நெஞ்செலும்பின் நுனிக்கும் நடுவே உள்ள மெத்தென்ற வயிற்றை உள்ளங்கையால் தாங்கினால், கீழே இறங்கிய முட்டை கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். அழுத்தத் தேவையில்லை. ஏந்தினாலே போதும்.

தட்டுப்படாவிட்டால் விரல் விட்டுத்தான் பார்க்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டி, கையுறை போட்டு, ஆள்காட்டி விரலில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் மெதுவாக, கோழி தளர்த்தும்போது மட்டும் முன்னேற வேண்டும். 4 அல்லது 5 செ.மீ.க்குள் முட்டை விரலில் படும். ஓடு கட்டிய முட்டை என்றால் வழவழப்பும் கடினமும் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரியும். ஓடு கட்டாத தோல்முட்டை என்றால் தண்ணீர் நிரப்பிய பலூனைத் தொட்டதுபோல விரலுக்கு வழுக்கிக்கொண்டு பின்வாங்கும். இதுதான் ஏமாற்றும்: வெளியிலிருந்து கையால் தடவிப் பார்த்தவர்கள் "முட்டை இல்லை" என்று விட்டுவிடுவது பெரும்பாலும் தோல்முட்டை விஷயத்தில்தான். முட்டைக்குழாய் கோழியின் இடப்பக்கமாகத் திறக்கிறது, விரலும் அந்தப் பக்கமாகவே போக வேண்டும். நேரே போனால் மலக்குடல். அங்கே எச்சம்தான் இருக்கும்.

வெந்நீரும் கால்சியமும்

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டும், முதலில் கால்சியம். அது ரத்தத்தில் சேர நேரம் எடுக்கும். கோழி வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்திருக்கும் நேரம் அதற்குப் பயன்படும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் கால்சியம் டானிக்குகளில் பல 5 மி.லி.க்கு 250 மி.கி. கால்சியமும் வைட்டமின் டி3யும் உள்ளவை. பாட்டில் லேபிளில் பார்த்து உறுதி செய்துகொண்டு 5 மி.லி. கொடுக்கலாம். மாத்திரைதான் இருக்கிறது என்றால் 500 மி.கி. மாத்திரையில் பாதியைப் பொடித்துச் சிறிது தண்ணீரில் குழைக்கலாம். 6 மணி நேரம் கழித்து இன்னொரு முறை. கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும் கால்சியம் டானிக் மாட்டுக்கும் கோழிக்கும் பொதுவானது. அதிலும் லேபிள் அளவே கணக்கு.

கொடுக்கும் விதத்தில் கவனம் வேண்டும். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அலகின் பக்கவாட்டு ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் கோழியே விழுங்கும். வாயைப் பிளந்து ஊற்றினால், நாக்குக்குப் பின்னாலேயே இருக்கும் மூச்சுக்குழல் வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். முட்டை மாட்டிச் சாகாத கோழி டானிக் புரையேறிச் செத்த கதைகள் உண்டு.

அடுத்து, கோழி உட்கார்ந்தால் வயிறும் ஆசனவாயும் மூழ்கும் அளவுக்கு அகலமான டப்பில் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் தண்ணீர். கோழியின் உடல் வெப்பமே 41 டிகிரியை ஒட்டி இருப்பதால் இது அதற்குச் சுடாது. வெப்பமானி இல்லாவிட்டால் முழங்கையை வைத்துப் பார்க்கலாம். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு. இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பு போடுகிறவர்கள் போடலாம், போடாவிட்டாலும் குறையில்லை. வேலை செய்வது வெப்பம்தான். 15 முதல் 20 நிமிடம். தண்ணீர் ஆறினால் ஒரு சொம்பு சூடான நீரைக் கோழியை விட்டுத் தள்ளி, டப்பின் ஓரமாக ஊற்றிக் கலக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் படபடக்கும். பிறகு கண் சொருகி அப்படியே அமர்ந்துவிடும். சில கோழிகள் டப்பிலேயே முட்டையை விட்டுவிடுவதும் உண்டு.

வெளியே எடுத்துத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, ஆசனவாயின் உள்விளிம்பில் தேங்காய் எண்ணெயோ லிக்விட் பாரஃபினோ தடவ வேண்டும். பிறகு பஞ்சாரத்தில் வைக்கோல் பரப்பிக் கோழியை வைத்து, மேலே சாக்கைப் போட்டு இருட்டாக்கி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் விட வேண்டும். மார்கழி, தை மாதமானால் 60 வாட் குண்டு பல்பை ஒன்றரை அடி தள்ளித் தொங்கவிட்டுச் சூடு கொடுக்கலாம். ஆனால் சித்திரை, வைகாசியில் இந்த பல்பு வைத்தியம் வேண்டாம். அறையே 36, 37 டிகிரியில் இருக்கும்போது ஈரக்கோழியை பல்புக்குக் கீழே வைத்தால் அது வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கும், முக்குவதை விட்டுவிடும். இணையத்தில் கிடைக்கும் பல கையேடுகள் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. சூடு கொடுக்கச் சொல்லும் இடத்திலெல்லாம் நம் ஊர் மாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் குடிநீர் கட்டாயம். நீர் வற்றிய கோழிக்கு முட்டைக்குழாய் வழுவழுப்பை இழந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து வைக்கலாம்.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்காவிட்டால் வெந்நீரையும் எண்ணெயையும் மறுபடி செய்யலாம். கால்சியம் உள்ளே போய் 12 மணி நேரமாகியும் முட்டை நகரவில்லை, அல்லது முக்கத் தொடங்கி 24 மணி நேரம் தாண்டிவிட்டது என்றால் வீட்டு வைத்தியம் முடிந்தது. மருத்துவர் கால்சியம் குளுக்கோனேட்டை ஊசியாகப் போடுவார். வழி திறந்திருக்கிறது என்று பார்த்த பிறகே, குழாயின் தசையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் கொடுப்பார். வழி அடைத்திருக்கும்போது ஆக்ஸிடோசின் போட்டால் குழாய் கிழியும், ஆகவே அதைக் கடையில் வாங்கி நாமே போடுவது கோழியைக் கொல்லும் வேலை. கடைசி வழியாக, ஆசனவாயில் தெரியும் முட்டையில் ஊசி குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்து, ஓட்டைச் சுருக்கி எடுப்பதும் உண்டு. அதுவும் மருத்துவர் கைக்கு உரியதே.

கிராமத்தில் செய்யும் சில காரியங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வயிற்றை அமுக்கி முட்டையைப் பிதுக்குவது முதல் தவறு. முட்டை உள்ளே உடைந்தால் கூர்மையான ஓட்டுச்சில் குழாயைக் கிழிக்கும், மஞ்சள் கரு அழுகி இரண்டு மூன்று நாளில் சீழ் பிடிக்கும். தலைகீழாகத் தூக்கி உதறுவதும் அப்படித்தான். விளக்கெண்ணெயை வாயில் ஊற்றுவது இன்னொன்று. வாயில் விட்ட எண்ணெய் குடல் வழியாகப் போய் எச்சத்தோடு வரும். முட்டை இருக்கும் குழாய் வேறு, அதில் ஒரு சொட்டும் சேராது. எண்ணெய் வேண்டிய இடம் ஆசனவாய் விளிம்பு மட்டுமே.

முட்டை வந்த பிறகும் மூன்று நான்கு நாளுக்குக் கால்சியம் தொடரட்டும், நாளுக்கு ஒரு வேளை. சேவலிடமிருந்து ஒரு வாரம் பிரித்து வைக்க வேண்டும். புண்பட்ட குழாயோடு சேவல் மிதித்தால் மறுநாளே வீங்கும். வந்த முட்டையையும் பார்க்காமல் எறிய வேண்டாம். பெரிதாக, இரண்டு கரு உள்ளதாக இருந்தால் அது அளவால் மாட்டியது; அடிக்கடி வராது. ஓடு மெலிந்து, மணல்போலச் சொரசொரத்து, அல்லது ஓடே இல்லாமல் இருந்தால் தீவனத்தைத் திருத்தாதவரை திரும்ப வரும்.

கணக்கு தீவனத்தில் இருக்கிறது

ஒரு நாட்டுக்கோழி முட்டை 40 கிராம் என்றால் ஓடு ஏறத்தாழ 4 கிராம். ஓட்டில் 94 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட். அதாவது ஒரு முட்டைக்கு ஒன்றரை கிராம் கால்சியம் கோழியின் உடம்பிலிருந்து வெளியேறுகிறது. தின்பதில் பாதிதான் உடம்பில் சேரும் என்பதால் முட்டையிடும் நாளில் அது 3 கிராம் தின்றாக வேண்டும்.

இப்போது புறக்கடையில் நாம் போடுவதைப் பார்ப்போம். 100 கிராம் கம்பில் இருக்கும் கால்சியம் 40 மி.கி. அளவுதான். அரிசிக் குருணையில் அதுவும் இல்லை. காலையும் மாலையும் ஒரு கைப்பிடி கம்பு, மிச்சச் சோறு, இட்லி என்று தின்னும் கோழிக்கு அந்த இரையிலிருந்து நாளுக்கு 100 மி.கி. கிடைத்தாலே பெரிது. பிறகு எங்கிருந்து முட்டை போடுகிறது? எலும்பிலிருந்து. முட்டையிடும் பருவத்தில் கோழியின் கால் எலும்புக்குள் கால்சியம் சேமிக்கும் தனித் திசு ஒன்று உருவாகிறது. இரவில் ஓடு கட்டும்போது அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளும், பகலில் தின்று நிரப்பிக்கொள்ளும். நிரப்ப எதுவும் இல்லாவிட்டால் உண்மையான எலும்பே கரையத் தொடங்கும். மேய்ச்சலில் நத்தை ஓடு, சுவர் உதிர்த்த சுண்ணாம்பு, எலும்புத்துண்டு என்று பொறுக்கித் தின்று கோழி எப்படியோ ஓட்டிவிடும். சிமெண்ட் பூசிய மொட்டை மாடியில் அடைத்து வளர்க்கும் கோழிக்கு அதுவும் கிடையாது. நிழல் வலை போட்டு மூடிய கூண்டு என்றால் வெயிலும் படாது, வைட்டமின் டி உண்டாகாது, தின்ற கால்சியமும் ஒழுங்காகச் சேராது. நகரத்து மாடிக் கோழிகளில் இந்தப் பிரச்சினை அதிகம் வருவதற்குச் சோற்றால் ஏறிய கொழுப்போடு இவையும் காரணம்.

தெளிந்த சுண்ணாம்பு நீர் வைத்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்காது. நீரில் சுண்ணாம்பு கரைவது லிட்டருக்கு 1.7 கிராம் அளவுதான். அதில் கால்சியம் 0.9 கிராம். கோழி நாளுக்கு 200 மி.லி. குடித்தால் கிடைப்பது 0.18 கிராம். அதையும் காரமான சுவைக்காகப் பல கோழிகள் குடிக்காமல் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும்.

வேண்டியது கிளிஞ்சல். தீவனக் கடையில் கோழிக்கு என்று கேட்டால் சுடாத கிளிஞ்சலை உடைத்துத் தருவார்கள். சுட்ட கிளிஞ்சல் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு. தவறியும் அதை வாங்கி வைக்கக் கூடாது, வாயும் இரைப்பையும் வெந்துவிடும். கிளிஞ்சலில் 38 சதவீதம் கால்சியம், 8 கிராம் தின்றால் 3 கிராம் வந்துவிடும். மாவாக அரைத்ததைவிட 2 முதல் 4 மி.மீ. துண்டுகளாக உள்ளதே மேல். துண்டு அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஓடு கட்டுவதும் இரவில்தான். ஆகவே வைக்கும் நேரம் மாலை 4 மணிக்கு மேல். முட்டை ஓட்டையும் பயன்படுத்தலாம்: கழுவி, வெறும் சட்டியில் வறுத்து, முட்டை ஓடு என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிப் போட வேண்டும். பாதி ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்தித் தின்ன நாமே பழக்கியதாகும்.

இதைத் தீவனத்தில் கலக்காமல் தனிச் சட்டியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. புறக்கடையில் சேவலும் குஞ்சும் ஒன்றாகத்தான் மேய்கின்றன. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம். வளரும் குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். அதிகம் போனால் குஞ்சின் சிறுநீரகம் கெடும். தனியாக வைத்தால் முட்டையிடும் பெட்டை தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும், மற்றவை தொடாது.

தீவனம் வீட்டிலேயே கலப்பவர்களுக்கு 10 கிலோவுக்கு ஒரு கலவை: உடைத்த மக்காச்சோளம் 4.5 கிலோ, கம்பு 1.5 கிலோ, கடலைப்புண்ணாக்கு 1.8 கிலோ, தவிடு 1.4 கிலோ, கருவாட்டுத்தூள் 700 கிராம், தாது உப்புக் கலவை 100 கிராம். புரதம் 17 சதவீதத்துக்கு அருகில் வரும். கருவாடு உப்பிடாததாக இருக்க வேண்டும். உப்புக் கருவாட்டுத்தூள் இந்த அளவில் போனால் கோழி தண்ணீராகக் கழியும். புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பார்த்து வாங்க வேண்டும். பூஞ்சை பிடித்த புண்ணாக்கின் நஞ்சு ஈரலைத் தாக்கும், முட்டை தானாகக் குறையும். மழைக்காலத்தில் "திடீரென்று எல்லாக் கோழியும் முட்டையை நிறுத்திவிட்டன" என்பதற்குப் பின்னால் பல நேரம் இந்தப் புண்ணாக்குதான் இருக்கிறது. மேயும் கோழிக்கு இக்கலவையில் நாளுக்கு 50, 60 கிராம் போதும். அடைத்து வளர்ப்பதற்கு 100 கிராம்.

கிளிஞ்சல் வைத்தும் தோல்முட்டை வந்தால்

முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும். வெயில் 32, 33 டிகிரியைத் தாண்டினால் கோழி வாயைத் திறந்து இளைக்கும். இளைக்கும்போது கரியமில வாயு அதிகம் வெளியேறி, ஓடு கட்டத் தேவையான பைகார்பனேட் ரத்தத்தில் குறைகிறது. கால்சியம் இருந்தும் ஓடு மெலியும். லிட்டருக்கு 1 கிராம் சமையல் சோடா கலந்த தண்ணீரை வெயில் உச்சத்தில் வைப்பதும், தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் மட்டும் போடுவதும், கூரையில் ஈரச்சாக்கு விரிப்பதும் பலன் தரும்.

ஒரு கோழியா, எல்லாமா என்பது அடுத்த கேள்வி. பல கோழிகள் ஒரே வாரத்தில் தோல்முட்டையும் வெளிறிய ஓடும் போட ஆரம்பித்தால் தீவனக் குறையோ நோயோ. ஓடு சுருக்கம் விழுந்து, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் தொற்றுச் சளி நோயைச் சந்தேகிக்கலாம். 1976இல் கண்டறியப்பட்டதால் அந்த ஆண்டின் பெயரையே தாங்கிய முட்டை வீழ்ச்சி நோய், கோழி தெம்பாக இருக்கும்போதே ஓட்டை மட்டும் கெடுக்கும். வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் லேசாக வந்து போனாலும் முட்டை கெடும். இவற்றுக்கு மருந்து கிடையாது. ராணிக்கெட்டுக்குத் தடுப்பூசி உண்டு, குஞ்சாக இருக்கும்போது லசோட்டாவும் 8 வாரத்தில் ஆர்2பியும் போட்டிருக்க வேண்டும்.

ஒரே ஒரு கோழிதான் என்றால் எது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. மாலையில் அடைக்கும்போது சந்தேகப்படும் கோழியின் ஆசனவாய் உள்விளிம்பில், எண்ணெயில் குழைத்த கேசரிப் பவுடரை ஒரு துளி தடவிவிட்டால் மறுநாள் அது போடும் முட்டையில் ஆரஞ்சுக் கோடு விழுந்திருக்கும். இரண்டு கோழி மேல் சந்தேகம் என்றால் ஒன்றுக்குப் பச்சை நிறம்.

குழாய் வெளியே தள்ளினால்

பெரிய முட்டையைக் கஷ்டப்பட்டு இட்ட கோழிக்கு, அல்லது உடம்பு முதிரும் முன்பே முட்டைக்கு வந்த வெடைக்கோழிக்கு, ஆசனவாய் வழியாகச் சிவந்த சதை பிதுங்கி நிற்பதைப் பார்க்கலாம். உடனே கோழியைத் தனியாக எடுத்துவிட வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தும். கொத்த ஆரம்பித்தால் குடல்வரை இழுத்துவிடும்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு, அதாவது சமமாக வழித்த ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்து அந்தச் சதையைக் கழுவ வேண்டும். வீக்கம் இருந்தால் சர்க்கரையைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்துப் பூசி 10 நிமிடம் விட்டால் நீர் வடிந்து சதை சுருங்குவது கண்ணுக்கே தெரியும். பிறகு உப்பு நீரால் கழுவி, எண்ணெய் தொட்ட கையுறை விரலால் நடுவிலிருந்து உள்நோக்கி மெல்லத் தள்ளி, உள்ளே போனதும் ஒன்றிரண்டு நிமிடம் விரலை அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். எடுத்ததும் மறுபடி வரும். மறுபடி தள்ள வேண்டியதுதான். உள்ளே முட்டை இருந்தால் அது வந்த பிறகே தள்ள வேண்டும். சதை கறுத்திருந்தாலோ கிழிந்திருந்தாலோ மருத்துவர் தையல் போட வேண்டியிருக்கும்.

இந்தக் கோழி ஒரு வாரம் பத்து நாள் முட்டையிடாமல் இருந்தால்தான் குழாய் ஒட்டும். அதற்கு ஒரே வழி இருட்டு. நாளுக்கு 8 மணி நேர வெளிச்சம் மட்டும் கொடுத்துக் காற்றோட்டத்தோடு மூடி வைத்தால் முட்டை நிற்கும். வெளிச்சத்தின் சக்தி அப்படி: அதிகம் முட்டையிடும் இனங்களுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும், சென்னையில் டிசம்பர்ப் பகல் 11 மணி 20 நிமிடம்தான், ஜூனிலும் 13 மணியை எட்டாது. அதனால்தான் கார்த்திகை, மார்கழியில் முட்டை குறைகிறது. விளக்குப் போட்டு நீட்டலாம். ஆனால் 18 வாரம் ஆகாத வெடைக்கோழிக்கு விளக்குப் போட்டால் உடம்பு முதிரும் முன்பே முட்டை வந்து, இந்தப் பகுதியில் சொன்ன அனைத்தும் வரிசையாக வரும்.

முட்டை அடைப்பு மாதிரி தெரிந்து, அது இல்லாத ஒன்று இருக்கிறது. பல வாரமாக முட்டையில்லை, கொண்டை வெளிறியிருக்கிறது, வயிறு மட்டும் நாளுக்கு நாள் பெருத்துத் தளதளவென்று தொங்குகிறது, விரல் விட்டால் முட்டை இல்லை. மஞ்சள் கரு குழாய்க்குள் விழாமல் வயிற்றுக்குள் விழுந்து தேங்குவதால் வருவது இது. வெந்நீரும் கால்சியமும் இதற்கு உதவாது. மருத்துவர் நீரை வடித்துச் சில நாள் நிம்மதி தரலாம், குணமாவது அபூர்வம். இதற்கோ வேறெதற்கோ ஆன்டிபயாடிக் கொடுத்தால், மருத்துவர் சொல்லும் நாள் முடியும்வரை அந்தக் கோழியின் முட்டையை வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது.

கடைசியாக, அடிக்கடி மாட்டும் கோழியைப் பற்றி. கிளிஞ்சல் வைத்தாயிற்று, சோற்றைக் குறைத்தாயிற்று, குடற்புழு நீக்கியாயிற்று, இருந்தும் சில மாதத்தில் மறுபடி முக்கி நிற்கிறது என்றால் அதற்குத் தேவை ஓய்வு. நாட்டுக்கோழிக்கு அந்த ஓய்வு அதன் இயல்பிலேயே இருக்கிறது: பத்துப் பதினைந்து முட்டை போட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, பிறகு குஞ்சோடு இரண்டு மாதத்துக்கும் மேல் திரியும் காலம். அவ்வளவு நாளும் ஓடு கட்டும் வேலை இல்லை, எலும்பு மீண்டும் நிரம்பும். முட்டைக்கு ஆசைப்பட்டு, உட்கார்ந்த கோழியைத் தண்ணீரில் முக்கியும் மூக்கில் இறகு செருகியும் அடை தெளியவைக்கும் பழக்கம் இந்த ஓய்வைத்தான் பறிக்கிறது. ஒரு முறை அடைப்பு வந்த கோழி உட்கார்ந்தால் உட்காரட்டும். கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, அதன் உடம்பு மூடும் அளவுக்கு 7, 8 முட்டை வைத்தால் போதும். நாளுக்கு ஒரு முறை இறங்கி வரும் 15, 20 நிமிடத்தில் தண்ணீரும் கலவைத் தீவனமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்; குஞ்சு பிரிந்து, கொண்டை மறுபடி சிவக்கத் தொடங்கும் வாரத்திலேயே கிளிஞ்சல் சட்டியை அதன் கண்ணில் படும்படி வைத்துவிட வேண்டும். முதல் முட்டை வருவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே எலும்பு கால்சியத்தைச் சேர்க்க ஆரம்பித்துவிடும்.